செவிலி நிழலில் வளரும் பெருங்கள்ளி

பாலை என்ற சொல்லைக் கேட்ட அளவிலே, ஒன்றன்பின் ஒன்றாக எழும் மணல் மேடுகளும் கானல் நீரும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பழந்தமிழ்ப் புலவர்கள் கண்ட பாலை இத்தகையது அன்று. குறிஞ்சி நிலமும் முல்லை நிலமும் மழையின்றி வெயிலால் வாடியவிடத்து, அந்நிலத்தையே பாலை என்றனர். அவர்தம் பாலையில் மரம் உண்டு, புதர் உண்டு, முள் நிறைந்த கள்ளியும் உண்டு. மழை வந்தால் அந்நிலம் மீண்டும் தழைக்கும். இந்தக் கருத்துக்குப் பெரிதும் ஒத்த ஒரு பாலை, பூமிப்பந்தின் மறுபுறத்தில் இருக்கிறது. அதற்குச் சொனோராப் பாலை என்று பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியிலும், அதற்குத் தெற்கே மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்திலும் இப்பாலை பரந்து கிடக்கிறது. இதன் பெரும்பகுதிக்கு ஆண்டில் இரு பருவங்களில் மழை உண்டு. குளிர்காலத்தில் மெல்லிய தூறலாக வருவது ஒன்று. கோடையின் நடுவே இடியும் மின்னலுமாக வந்து கொட்டிவிட்டுப் போவது மற்றொன்று. இரண்டையும் கூட்டினாலும் மழையளவு சொற்பமே. அந்தச் சொற்ப நீரைச் சேமித்துக்கொண்டு, வீட்டுக் கூரைகளுக்கு மேலாக உயர்ந்து, கைகளை வானத்தை நோக்கி உயர்த்தி நிற்கும் ஒரு பெருங்கள்ளி அங்கே வளர்கிறது. ஸ்பானிய மொழி வழியாக வந்த அதன் பெயரைச் சவாரோ என்று உச்சரிப்பார்கள். இப்பெருங்கள்ளி எவ்வாறு வளர்கிறது, அதனை எவ்வாறு பேணுவது என்பதையே இப்பேச்சில் நாம் காணப் போகிறோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவு செய்துகொள்வோம். நம் நாட்டுப் புறம்போக்குகளில் வளரும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் சவாரோவுக்கு உறவல்ல. அவற்றை ஒடித்தால் பால் வடியும். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சவாரோவில் பால் இல்லை. அது காக்டஸ் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்துக்கு அமெரிக்கக் கண்டங்களே தாயகம். நம் வேலியோரங்களில் காணும் சப்பாத்திக்கள்ளி இக்குடும்பத்தினதே. அதுவும் அங்கிருந்து வந்து குடியேறியதுதான். வறண்ட நிலத்தில் வாழ வேண்டிய கட்டாயத்தால், வெவ்வேறு குடும்பத்துச் செடிகள் ஒத்த வடிவத்தைப் பெற்றுவிட்டன என்று தாவர நூல் வல்லார் கூறுவர்.

நன்கு முதிர்ந்த சவாரோ நாற்பது அடி உயரம் இருக்கும். ஐம்பது, அறுபது அடி உயர்ந்தவையும் உண்டு. கைகளோடு கூடிய முதிர்ந்த செடியின் எடை ஐந்தாறு டன் வரையிலும் இருக்கக்கூடும். அந்த எடையில் பெரும்பங்கு நீரே. தண்டின் மேற்புறம், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. மழை பெய்து வேர்கள் நீரைப் பருகும்போது மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் அவை மீண்டும் சுருங்கும். தண்டின் உள்ளே மூங்கிற்கழிகளை வட்டமாக நிறுத்தியதுபோல மரவிலாக்கள் இருந்து இவ்வளவு பாரத்தையும் தாங்குகின்றன. வேரோ ஆழமாகச் செல்வதில்லை. நடுவேர் ஒன்று இரண்டு மூன்று அடி இறங்கும். மற்ற வேர்கள் நிலத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே, செடியின் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவு நாற்புறமும் பரவிக் கிடக்கும். சிறு மழையையும் விடாமல் உறிஞ்சுவதற்கு ஏற்ற அமைப்பு இது.

இன்னும் ஒரு விந்தை இதன் சுவாசத்தில் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கின்றன. பாலைப் பகலில் அவ்வாறு செய்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். ஆகவே சவாரோ பகலெல்லாம் வாயிலை அடைத்து வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் ஏற்ற வாயுவை உள்ளே அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெயில் வந்ததும் உணவாக்கிக்கொள்கிறது. ஆகவே, இச்செடிக்குப் பகல் வெயிலைக் காட்டிலும் இரவின் குளிர்ச்சி முக்கியமானது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது பயன்படும்.

ஏப்ரல் மாத இறுதியில் தொடங்கி ஜூன் வரையில் சவாரோ பூக்கிறது. தண்டின் உச்சியிலும் கைகளின் நுனியிலும் மெழுகாற் செய்தாற்போன்ற வெண்ணிறப் பூக்கள் தோன்றும். ஒவ்வொரு பூவும் பொழுது சாய்ந்தபின் மலர்ந்து, மறுநாள் பிற்பகலுக்குள் கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் இரவில் வௌவால்களும் பகலில் தேனீக்களும் வெண்சிறகுப் புறாக்களும் வந்து மகரந்தத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். மெக்சிகோவிலிருந்து பூக்காலத்தைத் தொடர்ந்து வடக்கே வரும் நீள்மூக்கு வௌவால் இனம் ஒன்று இப்பணியில் ஈடுபடுகிறது. அந்த இனம் அருகிவிட்டதென்று 1988-ஆம் ஆண்டில் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர்ப் பல்கிப் பெருகியதால் 2018-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சவாரோ மலரை அரிசோனா மாநிலம் 1931-ஆம் ஆண்டில் தன் மாநில மலராக ஏற்றது.

ஜூன் மாதத்தில் பழங்கள் பழுத்து வெடிக்கின்றன. உள்ளே செந்நிறச் சதையும் கடுகளவேயான கருநிற விதைகளும் இருக்கும். ஒரு பழத்தில் இரண்டாயிரம் விதைகள் வரையில் உண்டு. ஒரு செடி தன் வாழ்நாளில் நான்கு கோடி விதைகளை உண்டாக்கக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கின்றனர். நான்கு கோடி விதைகளில் முதிர்ந்த செடியாக நிலைப்பது ஒன்றிரண்டே. பறவையும் எறும்பும் தின்றவை போக எஞ்சியவை மழையில் முளைக்கும். முளைத்தவற்றுள் பெரும்பாலானவை வெயிலில் கருகும். கருகாதவற்றை எலியும் முயலும் கொறிக்கும். அவற்றுக்கும் தப்பியவற்றைப் பனி கொல்லும்.

அவ்வாறாயின் பிழைப்பவை எவை? வேறொரு மரத்தின் நிழலில் விழுந்து முளைத்தவையே. பழத்தைத் தின்ற பறவை ஒரு மரக்கிளையில் அமர்ந்து எச்சமிடுகிறது. விதை அம்மரத்தின் அடியில் விழுகிறது. பகலில் அம்மரம் வெயிலை மறைக்கிறது. குளிர்கால இரவில் பனியைத் தடுக்கிறது. முட்கிளைகளும் சருகுகளும் சிறு செடியைக் கொறிக்கும் பிராணிகளின் கண்ணிலிருந்து மறைக்கின்றன. இத்தகைய மரத்துக்கு அந்நாட்டார் தாதி என்று பெயரிட்டிருக்கின்றனர். நம் அகப்பொருள் நூல்கள் இதனினும் நல்லதொரு சொல்லை நமக்கு அளித்திருக்கின்றன. பெற்றவள் நற்றாய், அருகிருந்து வளர்ப்பவள் செவிலித்தாய். சவாரோவுக்கு நற்றாயால் ஆவது விதையைத் தருவதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அதனைக் காப்பவள் செவிலியே.

செவிலியாய் நிற்கும் மரங்களுள் பசும்பட்டை கொண்ட பாலோ வெர்டே மரமும், இரும்புமரமும், மெஸ்கீட் மரமும் முக்கியமானவை. இவற்றுள் மெஸ்கீட் நமக்கு அந்நியமானதன்று. நம் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு உழவர்க்கு ஓயாத தொல்லையாய் நிற்கும் சீமைக்கருவேல மரத்துக்கு அது நெருங்கிய உறவு. இங்கே களையென்று வெட்டி எறிவதற்கு உறவான மரம், அங்கே ஒரு பெருங்கள்ளியை மடியில் வைத்து வளர்க்கிறது. ஒரு மரத்தை நல்லது, தீயது என்று தீர்ப்பளிக்குமுன், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் போலும்.

செவிலியின் மடியில் சவாரோ வளரும் வேகத்தைக் கேட்டால் வியப்பு உண்டாகும். முதல் எட்டு ஆண்டுகளில் அது ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலமே உயர்கிறது. இன்று பிறந்த குழந்தை மூன்றாம் வகுப்புக்குச் செல்லும்போதும் அதனோடு பிறந்த சவாரோவை ஒரு சுண்டுவிரல் மறைத்துவிடும். டூசான் நகரை அடுத்த பகுதிகளில், அது முதன்முதலாகப் பூப்பது முப்பத்தைந்து வயதளவில். முதற்கை முளைப்பது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில்; மழை குறைந்த இடங்களில் நூறு ஆண்டுகளும் ஆகலாம். நூற்றிருபத்தைந்து வயதிலேதான் அதனை முதிர்ந்த செடி என்று மதிக்கின்றனர். நூற்றைம்பது முதல் இருநூறு ஆண்டுகள் வரையில் வாழ்கிறது. இதற்குள் செவிலி மரம் பெரும்பாலும் பட்டுப்போயிருக்கும். தான் வளர்த்த பிள்ளையே தன் வேரடி நீரைப் பருகிவிடுவதும் அம்மரம் பட்டுப்போவதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு நீண்ட வாழ்வை ஒரு மனிதன் இருந்து காண இயலாது. 1903-ஆம் ஆண்டில், டூசான் நகருக்கு அருகே டுமமோக் குன்றில் கார்னெகி நிறுவனம் ஒரு பாலை ஆய்வுக்கூடத்தை நிறுவியது. 1908-இல் அக்குன்றின் சவாரோக்கள் குறிப்பெடுக்கப்பட்டன. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு 1964-இலும் அதன் பின்னரும், முன்னவரைக் கண்டிராத ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கெடுத்தனர். ஒருவர் தொடங்கிய வேலையை இன்னொருவர் தொடர்ந்தாலன்றி இச்செடியைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது.

ஆய்வாளர்கள் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே இதனை அறிந்தவர்கள் அப்பாலையின் பழங்குடியினரான தோஹோனோ ஓதாம் மக்கள். பாலை மக்கள் என்பதே அப்பெயரின் பொருள். கோடையில் பழம் பழுக்கும்போது அவர்கள் குடும்பத்தோடு சென்று தங்கிப் பழம் பறிப்பது வழக்கம். பட்டுப்போன சவாரோவின் விலாக்கழிகளைச் சேர்த்துக் கட்டிய துறட்டியே பழம் பறிக்கும் கருவி. பழச்சதையைக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றனர். அப்பாகினைப் புளிக்க வைத்த பானத்தை மழை வேண்டிச் செய்யும் சடங்கில் அருந்துகின்றனர். அச்சடங்கோடு அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. சவாரோவை அவர்கள் மரம் என்று எண்ணுவதில்லை; மனிதரோடு ஒத்த உறவாகவே மதிக்கின்றனர்.

இனி, அறிவுடையோரும் இதன் திறத்தில் தவறிய வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். டூசானுக்குக் கிழக்கே இருந்த அழகான சவாரோக் காட்டைக் காப்பதற்காக 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த முதிய செடிகள் கறுத்து அழுகி வீழத் தொடங்கின. அழுகிய பகுதியில் ஒரு நுண்கிருமி காணப்பட்டது. ஆகவே இது தொற்றுநோய் என்று முடிவு செய்தனர். 1941-ஆம் ஆண்டில் முந்நூற்றிருபது ஏக்கர் நிலத்தில் நோயுற்ற செடிகளை வெட்டிப் புதைத்தனர். அதனால் ஒரு பயனும் விளையவில்லை. செடிகள் மேலும் வீழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அக்காடு இல்லாமற் போகும் என்று அஞ்சியவர்களும் உண்டு.

உண்மைக் காரணம் வேறு. நீர் உறையும் குளிர் ஒரு பகலுக்கும் மேலாக விடாமல் நீடித்தால் சவாரோவின் உள்சதை சேதமடைகிறது. 1937-இலும் 1962-இலும் அத்தகைய கடுங்குளிர் வந்தது. அடிபட்ட செடி அன்றே விழுவதில்லை. உள்ளே சேமித்த நீரைக் கொண்டு சில ஆண்டுகள் நின்றுவிட்டுப் பிறகு சாய்கிறது. சாகின்ற சதையில் கிருமி வந்து குடியேறுகிறது. குளிரை எல்லாரும் மறந்துவிட்ட காலத்தில் செடி விழுந்ததால், அருகில் இருந்த கிருமியின்மேல் பழி விழுந்தது.

முதியவை இறப்பது இயல்பே. அவற்றின் இடத்தில் இளையவை ஏன் வரவில்லை என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கும் விடை கிடைத்தது. பல பத்தாண்டுகளாக அங்கே விறகுக்காக மெஸ்கீட்டும் பிற மரங்களும் வெட்டப்பட்டிருந்தன. மாடுகள் மேய்ந்து, மண்ணை மிதித்து இறுக்கி, இளஞ்செடிகளை அழித்திருந்தன. செவிலியர் இல்லாத வீட்டில் குழந்தைகள் எப்படிப் பிழைக்கும்? விறகு வெட்டுதல் நின்றது. மேய்ச்சலும் 1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது. மரங்கள் மீண்டும் தழைத்தன. அவற்றின் நிழலில் இளஞ்சவாரோக்களும் ஆயிரக்கணக்கில் தோன்றின. அழிந்துவிடும் என்று கணிக்கப்பட்ட அந்த இடம் 1994-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று.

இச்செடியை வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவற்றுக்கு அடிப்படை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. காட்டிலிருந்து பெயர்த்த செடியை விலைக்கு வாங்கலாகாது. அரிசோனாச் சட்டப்படி உத்தரவுச் சீட்டின்றிச் சவாரோவைப் பெயர்ப்பது குற்றம். தேசியப் பூங்காவில் திருடரைப் பிடிக்கும்பொருட்டுச் சில செடிகளுக்குள் நுண்சில்லுகளையே பதித்து வைத்திருக்கின்றனர். நாடுகளுக்கிடையே நடக்கும் காக்டஸ் வாணிகத்தையும் 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, முறையான நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்த செடியையோ, முறைப்படி பெற்ற விதையையோதான் நாட வேண்டும்.

விதைக்குக் கோடைக்காலமே ஏற்றது. அகன்று ஆழம் குறைந்த தட்டில், அடியில் துளைகள் இட்டு, பருமணலும் சிறிது மக்கிய இலையுரமும் கலந்த மண்ணை நிரப்பி நனைக்க வேண்டும். விதையை மேலே தூவி, மணலால் மூடாமல் விட்டுவிட வேண்டும். சவாரோ விதை முளைப்பதற்கு ஒளி தேவை. கண்ணாடியால் தட்டை மூடி, வெளிச்சம் உள்ள நிழலில் வைத்தால் ஈரம் காயாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் பச்சைக் குண்டுமணிகளைப் போல முளைகள் தோன்றும். பிறகு கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்கிக் காற்றுக்குப் பழக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் நேர்வெயிலில் வைக்கலாகாது. செவிலி மரம் செய்யும் வேலையை அப்போது நாமே செய்தாக வேண்டும். மெல்லிய துணிப் பந்தலோ, வேறொரு செடியின் நிழலோ போதும்.

நீர் விடுவதில் அளவு அறிதல் இன்றியமையாதது. வெப்பமான மாதங்களில், மண் நன்றாகக் காய்ந்தபின் ஒருமுறை நிறைய ஊற்றி, மீண்டும் காயும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் நீரை மிகவும் குறைத்துவிட வேண்டும். வறட்சியால் இறக்கும் சவாரோவைவிட அன்பு மிகுந்து ஊற்றும் நீரால் வேர் அழுகி இறப்பவை தொட்டிகளில் அதிகம். நம் நாட்டில் பருவமழை நாட்களில் தொட்டியை மழை நேரே படாத இடத்தில் வைப்பது நலம். பனி விழும் வடபகுதிகளில், உறைகுளிர் இரவுகளில் நுனியைச் சாக்கினால் மூட வேண்டும். வளர்ச்சி நடைபெறும் இடம் நுனியே.

செடியை இடம் மாற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. பெயர்ப்பதற்கு முன்பே அதன் தென்புறத்தில் ஒரு சுண்ணாம்புக் குறியிட வேண்டும். புதிய இடத்திலும் அக்குறி தெற்கு நோக்கியே இருக்கும்படி நட வேண்டும். வெயிலைத் தாங்கிப் பழகிய புறம் ஒன்று. பழகாத புறம் மற்றொன்று. திசை மாறினால் பழகாத புறம் வெந்து புண்ணாகும். நட்டவுடன் நீர் ஊற்றாமல், அறுந்த வேர்களின் காயம் ஆறுவதற்குச் சில நாட்கள் விட வேண்டும். மிக உயர்ந்தவற்றையும் கை விட்டவற்றையும் பெயர்ப்பது பல வேளைகளில் வீண் முயற்சியாகும். அவை நட்ட இடத்தில் பசுமையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று நாம் மகிழ்வோம். சில ஆண்டுகள் கழித்துத்தான் அது அன்றே இறந்துபோனது என்பது தெரியவரும். உடனே தெரியாத தவறு இதன் பராமரிப்பில் மிகவும் அஞ்சத்தக்கது.

அத்தகைய தவறுகள் இன்று பெரிய அளவில் நடைபெறுகின்றன. 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரையில் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து முப்பத்தொரு நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நகரின் சவாரோக்கள் பல கைகளை இழந்தன. சில அப்படியே சாய்ந்தன. பகலின் கொடுமையோடு, இரவும் குளிராமற் போனதே இதற்கு முக்கிய காரணமென்று அந்நகரின் பாலைத் தாவரத் தோட்டத்து ஆய்வாளர்கள் கருதினர். இரவில் மூச்சுவிடும் செடிக்கு இரவும் சுடுமாயின் அது என் செய்யும்? சிமெண்டும் தாரும் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் உமிழும் நகரங்களில் இந்த இடர் மிகுதி.

மற்றோர் இடர் புல்லால் வந்தது. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் விரும்பி மேயும் கொழுக்கட்டைப்புல்லை நேயர்கள் பலர் அறிவர். நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் அது இயல்பாக வளர்வது. வறட்சியைத் தாங்கும் நல்ல தீவனம். அதே புல்லினத்தை ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று, மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுக்குத் தீவனமாகவும் விதைத்தனர். அங்கே அது மலைச்சரிவுகளில் ஏறிப் பரவிவிட்டது. சொனோராப் பாலையில் செடிக்கும் செடிக்கும் இடையே வெற்று நிலம் இருப்பது வழக்கம்; ஆகவே தீப்பற்றினாலும் பரவாது. இப்புல்லோ அந்த இடைவெளிகளை உலர்ந்த சருகால் நிரப்பிவிட்டது. தீயை அறியாமல் வளர்ந்த சவாரோவும் அதன் செவிலி மரங்களும் இப்போது தீயின் வாயில் நிற்கின்றன. கொங்கு நாட்டில் மாட்டைக் காக்கும் புல் அங்கே ஒரு காட்டுக்குக் கொள்ளியாயிற்று.

இதற்கு ஒரு மருந்துதான் அங்கே நடைமுறையில் உள்ளது. பூங்காவைச் சேர்ந்தவர்களும் ஊர்த் தொண்டர்களும் கடப்பாரை ஏந்திச் சரிவுகளில் ஏறி, அப்புல்லைத் தூரோடு பெயர்த்து எறிகின்றனர். எட்ட முடியாத இடங்களில் களைக்கொல்லி தெளிக்கின்றனர். பெயர்த்த இடத்தில் மறு ஆண்டு விதை முளைக்கும். மீண்டும் பெயர்க்க வேண்டும். அவர்கள் சவாரோவைத் தொடுவதே இல்லை. அதற்கு நீர் வார்ப்பதில்லை, உரம் இடுவதில்லை. எனினும் இன்று சவாரோவை வளர்ப்பவர் யார் என்று கேட்டால், அவர்களையே நாம் சுட்ட வேண்டும்.

ஒரு செடியைப் பேணுதல் என்றால் அதன் வேரில் நீர் ஊற்றுதல் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சவாரோ வேறொன்றைக் கற்பிக்கிறது. அதனைப் பேண விரும்புவோர் அதன் அருகில் நிற்கும் மரத்தைப் பேண வேண்டும். பூவுக்கு வரும் வௌவாலைப் பேண வேண்டும். இரவின் குளிர்ச்சியையும் பேண வேண்டும். அதன் பின்னர்ப் பொறுத்திருக்கவும் வேண்டும்.

நம் ஊர்களில் பனங்கொட்டையைப் புதைக்கும் முதியவர், தாம் அதன் நுங்கைச் சுவைப்போம் என்று எண்ணிப் புதைப்பதில்லை. பனையாவது பேரன் காலத்தில் பயன் தந்துவிடும். இன்று விதைக்கும் சவாரோவின் முதற்பூவை, விதைத்தவர் நரைத்த தலையோடு காணலாம். அதன் முதற்கையை அவருடைய பேரன் காண்பான். அது முதிர்ந்து நிற்பதைக் காண்பவர்க்கு அவர் பெயரும் தெரிந்திராது. ஆயினும், இவ்வாண்டு மழைக்குப் பிறகு அப்பாலையில் ஏதோ ஒரு மெஸ்கீட் மரத்தடியில் கடுகளவு விதை ஒன்று முளைத்திருக்கும். அதற்கு மேலே இருக்கும் அந்தக் கிளையை எவரும் வெட்டாமல் இருந்தால் போதும். இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு வேண்டிய வேலை அங்கே தொடங்கிவிட்டது.